கிறிஸ்தவ இளைஞர் வழிகாட்டி அமைப்பில் பாடத்தை முடிப்பது முக்கியமா, பையனோடு உள்ள உறவு முக்கியமா?

ஆறு மாதமாக வாரம் ஒரு முறை சந்திக்கிறோம், பாடப் புத்தகத்தில் நான்கு அத்தியாயம்கூட நகரவில்லை, பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம், இது வீண் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். அமைப்பில் யாரோ உங்களிடம் கணக்குக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இந்தக் கேள்வி மனசில் வந்திருக்காது.

வீண் இல்லை. ஒரு பையனைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு 24 வயது, அவனுக்கு 12. வாரம் ஒரு அத்தியாயம், கடைசியில் ஜெபம், படிவத்தில் கையெழுத்து. 11 வாரத்தில் 11 அத்தியாயம் முடித்தேன். ஒருங்கிணைப்பாளர் மற்ற தன்னார்வலர்களிடம் என்னைத்தான் உதாரணமாகச் சொல்வார். அப்புறம் எனக்கு வேலை மாறியது. ஒருங்கிணைப்பாளரிடம் முறையாகச் சொல்லி விடைபெற்றேன். பையனிடம் சொல்லவில்லை. அவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். எனக்கு அடுத்து அவனைப் பொறுப்பேற்றவர் பல மாதம் கழித்து ஒன்று சொன்னார். முதல் நாள் அவர் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவன் கேட்டானாம், "நீங்க எத்தனை வாரம் வருவீங்க?"

ரொம்ப நாள் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் எடுத்த 11 அத்தியாயங்களில் அவனுக்கு எது நினைவில் நின்றதோ தெரியாது. ஆட்கள் சொல்லாமல் போய்விடுவார்கள் என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

பிற்பாடு இது பற்றித் தேடிப் படித்தபோது, கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தன்னார்வ வழிகாட்டியை இணைத்துவிடும் அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் 10 முதல் 16 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. ஒரு வருடமோ அதற்கு மேலோ வழிகாட்டி கூடவே இருந்த பிள்ளைகளிடம்தான் முன்னேற்றம் அதிகம். மூன்று மாதத்துக்குள் முடிந்துபோன இணைகளில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்திருந்தது. வழிகாட்டியே கிடைக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டாலும் அது கூடுதலான சரிவு. என்னுடையது 11 வாரம்.

திரும்ப இந்த வேலைக்கு வர எனக்கு நான்கு வருடம் ஆனது. இரண்டாவது பையனுக்கு 14 வயது. முதல் ஐந்து மாதம் அவன் என்னிடம் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டைக் கையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவன் சைக்கிளில் செயின் கழன்றுவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வெளிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். நான் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் பெடலைக் கையால் மெல்லச் சுற்றி, ஒவ்வொரு கண்ணியாகப் பல்லில் ஏற்றினான். இரண்டு பேர் கையிலும் கருப்பு மசகு. தலையைத் தூக்காமலே கேட்டான், "அண்ணா, உங்க அப்பா உங்கள அடிச்சிருக்காரா?"

நான் பதில் சொன்னேன். அப்புறம் அவன் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க" என்றான். அந்த வாக்கை மட்டும் என்னால் கொடுக்க முடியாது. யாரிடம் சொல்லப்போகிறேன், எதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவனுக்கு விளக்கினேன். எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. நான் போய் அதே படிக்கட்டில் ஒரு மணி நேரம் முழுதாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் வந்தான், சைக்கிளைச் சுவரில் சாய்த்தான், பக்கத்தில் உட்கார்ந்தான். நடக்க வேண்டியது நடந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன், அது அவன் வாழ்க்கை.

முதல் மாதமே நான் ஆறு அத்தியாயம் முடித்திருந்தால் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

உறவு என்றதும் சிலர் பதறுவார்கள். அது நியாயமான பயம்தான். மூடிய அறை வேண்டாம், நாலு பேர் பார்க்கும் இடத்தில் சந்தியுங்கள், வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். இந்த விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தச் சொல்லவில்லை. வேத பாடமே வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டும். ஆனால் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுத் திரும்பிப் போன மாற்குவைப் பவுல் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார். பவுலோடு ஊழியம் செய்துவந்த பர்னபா அவனை அழைத்துக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போகிறார். அங்கே அவனுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று ஒரு வரிகூட இல்லை, கூட்டிக்கொண்டு போனார் என்பது மட்டும் இருக்கிறது. பிற்பாடு தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்கு எனக்குப் பிரயோஜனமானவன், அவனை அழைத்து வா என்று அதே பவுல் எழுதுகிறார்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு நான் இருந்த ஒரு அமைப்பு, ஆண்டு மடலின் அட்டையில் ஒரு பையனின் படத்தைப் போட்டு, உடைந்த குடும்பத்திலிருந்து மீட்கப்பட்டவன் என்று கீழே எழுதியது. அவன் அம்மா ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார், அதனால் தப்பில்லை என்றார்கள். அந்த மடலை அவன் கூடப் படிக்கிற பிள்ளைகளின் வீடுகளுக்கும்தான் அனுப்பினார்கள். அவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. நன்கொடை கொடுப்பவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது எனக்கும் புரியும். அதற்கு ஒரு பிள்ளையின் முகம் எதற்கு?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் கணக்குக் கேட்டவரிடம், ஆறு மாதமாக ஒரு வாரம் விடாமல் அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லுங்கள். பிடிக்காத இடத்துக்கு அந்த வயசுப் பையன் அத்தனை நாள் வர மாட்டான். அப்புறம், இன்னும் எவ்வளவு நாள் உங்களால் வர முடியும் என்று உட்கார்ந்து யோசித்து, அதை அடுத்த சந்திப்பிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.