குவாங்சோவுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, கரூரிலிருந்து நீங்கள் கேட்டது மூன்றே வரி. தென் சீனாவின் குவாங்சோ நகரில் துணி கொள்முதல் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது, பிறந்ததிலிருந்து சைவம். “அந்த மக்களோடு நம்மால் ஒட்டி வாழ முடியுமா, இல்லை சம்பளத்தை எண்ணிக்கொண்டு நாளைத் தள்ளத்தான் வேண்டுமா?” என்று முடித்திருந்தீர்கள். நான் 2011-இல் இங்கே வந்தேன். நீங்கள் நாள்தோறும் நடக்கப்போகும் சோங்தா துணிச் சந்தை என் வீட்டிலிருந்து மெட்ரோவில் இரண்டு நிறுத்தம். ஒட்டி வாழ முடியும் என்பதுதான் என் பதில். அது எப்படி என்று கண்டுகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்பதற்காகவே நீளமாக எழுதுகிறேன்.

முதலில் காகிதங்கள். வேலைக்கு வருகிறவருக்கு இசட் விசா வேண்டும். “இப்போதைக்கு வியாபார விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், குற்றம் பெரிதென்றால் 5 முதல் 15 நாள் காவல். அதைச் சுமக்கப்போவது நீங்கள்தான், யோசனை சொன்னவர் அல்ல. வந்து இறங்கிய 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், தவறினால் 2,000 யுவான் வரை அபராதம் உண்டு. வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, பதிவுக்குக் கூட வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயங்குகிற வீடு வேண்டாம்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கடவுச்சீட்டில் அந்த இடம் காலி, என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் இருக்கின்றன. ஒரு வங்கியில் இரண்டையும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஏற்றிவிட்டார்கள், தொலைபேசி எண் வாங்கிய இடத்தில் இடைவெளி விட்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கைப்பேசியில் வீசாட் பணப்பையைத் திறக்க முடியாமல் மூன்று வாரம் அலைந்தேன். இந்த ஊரில் கீரைக் கட்டுக்குக்கூடக் கைப்பேசியில்தான் பணம் கொடுப்பார்கள் என்பதால் அந்த மூன்று வாரமும் பெரும் துன்பம். உங்கள் பெயரைக் கடவுச்சீட்டின் அடியில் இருக்கும் இயந்திர வரியில் உள்ளபடியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, தொலைபேசி, ரயில் டிக்கெட் எல்லா இடத்திலும் அதையே நீட்டுங்கள். கணக்குத் திறக்கும்வரை ஊர் வங்கி அட்டையை அலிபேயிலோ வீசாட்டிலோ இணைத்துச் சமாளிக்கலாம், 200 யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணமும் இல்லை.

இவையெல்லாம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். ஒட்டுவது வேறு விஷயம்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் இந்திய நண்பர்கள், இந்தியக் கடை, இந்திய உணவகம் என்றே இருந்தேன். கீழ்வீட்டு அம்மாளைப் படியில் பார்த்தால் “நி ஹாவ்” என்பேன், அவரும் “நி ஹாவ்” என்பார், அத்தோடு சரி. ஒருநாள் அவருடைய பேரன் என்னைப் பார்த்து “ஷூஷு” என்றான். அலுவலகத்தில் ஒரு பெண்ணிடம் பொருள் கேட்டேன். “அப்பாவின் தம்பி” என்றார். அப்பாவுக்கு அண்ணன் என்றால் “போபோ”வாம். அம்மாவின் அண்ணனோ தம்பியோ “ஜியூஜியூ”. அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அக்காவுக்கும் தங்கைக்கும் தனித்தனியே. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் மூவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவிடும். சீனம் நம்மைப் போல மூவரையும் பிரித்து அறிகிறது. அதைவிடப் பெரிது, முன்பின் தெரியாதவரையும் நம்மைப் போலவே முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

மறுநாள் படியில் “ஆயி” என்று கூப்பிட்டேன். அம்மா வயதுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். கரூர்ப் பக்கம் அம்மாயி, அப்பாயி என்று சொல்லி வளர்ந்த நாக்குக்கு அந்தச் சொல் எளிதாக வரும். அவர் இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். “சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்டார். சீனர்கள் இப்படி நலம் விசாரிப்பார்கள் என்பதை நான் அறிவேன், ஆனால் இரண்டு ஆண்டில் என்னிடம் யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. வயது என்ன, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தொடர்ந்து கேட்டார். ஐரோப்பாவிலிருந்து வரும் நண்பர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பார்கள். நம் தெருவில் நாம் கேட்காத எதையும் அவர் கேட்டுவிடவில்லை. தம்பி, செயலிகளையும் சட்டங்களையும் யாரும் சொல்லித் தருவார்கள். நீங்கள் வந்த முதல் வாரமே வாயிற்காவலரையும் காய்க்காரரையும் வீட்டுக்காரரையும் என்ன முறை சொல்லி அழைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தையில் உங்களை “லெங் ஜாய்” என்று கூப்பிடுவார்கள். இந்த ஊர் மொழியான காண்டனீஸில் அழகுப் பையன் என்று பொருள், எல்லா ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், சிரித்துக்கொண்டே போங்கள்.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் காண்டனீஸ் பேசினாலும் சந்தையில் வெளி மாகாணத்தார் ஏராளம், சீனாவின் பொது மொழியான மாண்டரின் போதும். அதில் ஆங்கிலம் பேசுகிறவர்களைவிடத் தமிழருக்கு இரண்டு வசதி உண்டு. பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையில் ‘டி’ (d) போட்டு எழுதுவது உண்மையில் “தம்பி”யின் த. ‘பி’ (b) போட்டு எழுதுவது “பல்”லின் ப. அவர்கள் தடுமாறும் இடத்தில் நாம் வாய் திறந்தாலே சரியாக வரும். ‘ஆர்’ (r) போட்டு எழுதும் ஒலியோ நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. தமிழுக்குச் சீனத்தில் “தாய்மியர்” என்று பெயர். முடிவில் வரும் எழுத்தைப் பெய்ஜிங்காரர் ஒருவர் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள், நாக்கு ழவுக்குப் போவது போலவே மடியும். நம்மவரே பலர் லகரமாக்கிவிட்ட எழுத்தை அங்கே கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

நமக்குக் கடினம் மூச்சு விட்டுச் சொல்லும் ஒலிகள். “பாவ் ல” என்று மூச்சில்லாமல் சொன்னால் வயிறு நிறைந்தது, மூச்சோடு சொன்னால் ஓடிப்போயிற்று. உதட்டின் முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள், இரண்டாவதற்குத் தாள் அசைய வேண்டும். சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு குரல் ஏற்ற இறக்கமும் கேட்கக் கேட்கத்தான் வரும்.

இனிச் சாப்பாடு. “இறைச்சி வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். இறைச்சியை எடுத்துவிட்டுப் பன்றிக் கொழுப்பில் வதக்கிய கீரையைக் கொண்டுவந்து அன்போடு வைப்பார்கள். இந்த ஊரில் கீரையின் மேல் ஊற்றும் கறுப்புக் குழம்பு பெரும்பாலும் சிப்பிச் சாறு. “வோ ச்ச சூ” என்று சொல்லுங்கள், சைவம் உண்கிறேன் என்று பொருள். காண்டனீஸில் “சிக் சாய்”. இந்தச் சொல்லுக்குப் பின்னால் பௌத்தம் இருக்கிறது. சீன மாதத்தின் முதல் நாள் அமாவாசையை ஒட்டியும் பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டியும் வரும். அந்த இரண்டு நாளும் சைவம் மட்டும் உண்ணும் வயதானவர்கள் இங்கே நிறையப் பேர். எனக்குக் காய் விற்கும் அம்மாளும் அப்படித்தான். “உனக்கு மாதம் முழுவதும் முதல் நாளா?” என்று கேட்டார். அன்றிலிருந்து என்னை விளக்க வேண்டியதே இல்லை. கோயில்களை ஒட்டிச் சைவ உணவகங்கள் உண்டு, அங்கே பூண்டு வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை.

சமைப்பதற்குக் குறையே இல்லை. பாகற்காய், பீர்க்கங்காய், பூசணி, காராமணி, வெண்டை, தண்டுக்கீரை, சேப்பங்கிழங்கு என்று நம் உழவர் சந்தையையே பெயர்த்து வைத்தது போலிருக்கும். பருப்பும் புளியும் இந்தியக் கடையில் கிடைக்கும்.

ஞாயிறு காலை தேநீருக்கு யாராவது அழைத்தால் எந்த வேலையிருந்தாலும் போங்கள். “யாம் சா” என்பார்கள். நான் முதலில் போனது அந்தக் கீழ்வீட்டு ஆயி குடும்பத்தோடு. உட்கார்ந்ததும் முதல் தேநீரைக் குடிக்காமல் கிண்ணம், தட்டு, குச்சிகள் எல்லாவற்றையும் அதில் கழுவி ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டினார்கள். பிறகு அவருடைய கணவர் தம் கோப்பையை விட்டுவிட்டு முதலில் என் கோப்பையை நிரப்பினார். நான் எழுந்து கைகூப்பப் போனேன். பேரன் என் கையைப் பிடித்து இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டிக் காட்டினான். நன்றி சொல்லும் விதம் அது. மாறுவேடத்தில் போன சியன்லோங் பேரரசர் தம் பணியாளுக்குத் தேநீர் ஊற்ற, வெளிப்படையாக விழுந்து வணங்க முடியாத பணியாள் விரல்களை மண்டியிட வைத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்று பொருள். அன்று அரிசி மாவை ஆவியில் வேகவைத்துச் சுருட்டிய “சாங்ஃபன்” சாப்பிட்டேன், மாவு மணம் அப்படியே நம் வீட்டு இட்லித் தட்டைத் திறந்தது போல இருந்தது.

வேலையில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். “மெய் வென்தீ”, பிரச்சினை இல்லை. “சாபுதுவோ”, ஏறக்குறைய அதேதான். சாய நிறம் மாதிரியிலிருந்து விலகியிருக்கிறது என்று நீங்கள் காட்டும்போது ஆலைக்காரர் “சாபுதுவோ” என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் அவருடைய ஆட்கள் முன்னால் சண்டை பிடிக்காதீர்கள், முகம் முறிந்தால் சரக்கும் வராது. தனியே அழைத்து, வெட்டி வைத்த மாதிரித் துணியைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். “வசதிப்படவில்லை” என்று மெதுவாகச் சொன்னால் அது முடிவான மறுப்பு, வற்புறுத்தக் கூடாது. வசந்த விழா என்ற சீனப் புத்தாண்டுக்கு முன் சரக்கை அனுப்பிவிடுங்கள், பிறகு பல வாரங்களுக்கு ஆலையில் ஆள் இருக்காது.

மனம் நோகும் நாட்களும் வரும், மறைக்க மாட்டேன். வீட்டுத் தரகர் ஒருவர் என் முகத்தைப் பார்த்ததும் “இந்தியருக்குக் கொடுக்க மாட்டார்கள்” என்று கதவருகிலேயே சொன்னார். மெட்ரோவில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்திருக்கிறது. எத்தனை ஆண்டு இருந்தாலும் நீங்கள் “வாய்குவோரன்”, வெளிநாட்டவர்தான். 2020 ஜூனில் இந்திய-சீன எல்லையில் கல்வானில் மோதல் நடந்தபோது அலுவலகத்தில் பேச்சே குறைந்தது. அந்த வாரம் ஆயி என் கதவுக் கைப்பிடியில் ஒரு பை பீர்க்கங்காயை மாட்டிவிட்டுப் போனார், ஒன்றும் சொல்லவில்லை. கொரோனாவால் எல்லை மூடிக்கிடந்த மூன்று ஆண்டும் நான் ஊருக்கு வரவில்லை. அந்தக் குடும்பம் இல்லையென்றால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

ஒரு விடுமுறையில் ஃபூஜியன் மாகாணத்துப் பழைய துறைமுக நகரான சுவான்சோ போய் வாருங்கள். அங்கே 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் ஒன்றைப் பற்றியது. கைய்யுவான் என்ற பௌத்தக் கோயிலில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. நான் ஆயியின் பேரனைக் கூட்டிப்போய் அந்தத் தமிழ்க் கல்வெட்டை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன்.

பழம், விதை, செடி, பால் பொருள் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைக்குக் கவலை வேண்டாம், என் பால்கனியில் மரமாகவே நிற்கிறது. வந்து இறங்கியதும் சொல்லுங்கள், ஒடித்து எடுத்து வருகிறேன்.