வாசகர் கேள்வி–பதில்: நிலம் அந்தியில், வானம் நள்ளிரவில்

கேள்வி: பால்வீதியைப் படமெடுத்தால் வானம் நன்றாக வருகிறது. கீழே இருக்கும் பாறையும் புல்லும்தான் ஒரே கறுப்பு. கணினியில் வெளிச்சத்தைக் கூட்டினால் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடுகிறது. மற்றவர்கள் படத்தில் மட்டும் புல் நுனிகூடத் தெரிகிறதே, எப்படி?

பெரும்பாலும் அது ஒரே படம் அல்ல. ட்ரைபாடை அசைக்காமல் நிலத்தை அந்தியில் ஒருமுறை, வானத்தை நன்றாக இருட்டிய பிறகு ஒருமுறை எடுத்து, பிறகு இரண்டையும் சேர்த்திருப்பார்கள். உங்கள் கேமராவில் குறை ஒன்றும் இல்லை. 20 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப்/2.8 வரை (எண் சிறிதானால் துவாரம் பெரிது) திறந்து, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வை, 3200 அல்லது 6400 வைத்தாலும் 15, 20 விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்க முடியாது. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். அந்த 20 விநாடி வெளிச்சம் நட்சத்திரத்துக்குப் போதும், நிலாவில்லாத இரவில் பாறைக்குப் போதவே போதாது. இன்னொன்றும் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் இதே லென்ஸை எஃப்/2.8-இல் நட்சத்திரத்துக்கு ஃபோகஸ் செய்தால், சுமார் 5 மீட்டருக்குள் இருப்பதெல்லாம் மங்கல்தான். அந்தியில் எஃப்/8 வைத்து 1.7 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், 90 செ.மீ.யில் இருக்கும் கல்லிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் தெளிவாக விழும். ஐஎஸ்ஓவும் 100 போதும், பொரியாது.

கேள்வி: அந்தி என்றால் சரியாக எப்போது? சூரியன் மறைந்தவுடனேயா?

இல்லை, அங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி போகும் வரை சிவில் அந்தி, 12 வரை கடல்சார் அந்தி, 18 வரை வானியல் அந்தி என்று பிரிப்பார்கள். சூரியன் மறைந்த கையோடு எடுத்தால் மேற்கிலிருந்து வரும் ஆரஞ்சு வெளிச்சம் பாறையின் ஒரு பக்கத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும்; அந்தப் பாறைக்கு மேலே நள்ளிரவு வானத்தை வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். 6 டிகிரியைத் தாண்டிய பிறகு வெளிச்சம் அநேகமாக வானம் முழுவதிலிருந்தும் வரும், நிழல் விழாது, நீலம் கூடியிருக்கும். 6-க்கும் 10-க்கும் இடைப்பட்ட நேரம்தான் என் கணக்கில் நல்லது, அதிலும் கடைசிப் பக்கம்.

சிவில் அந்தி முடிகிற சமயத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்து 15, 20 விநாடி கொடுத்தால் சரியாக இருக்கும். 9 டிகிரிக்கு வரும்போது ஐஎஸ்ஓ 400 வைத்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டும், அதனால் பல்ப் மோடும் (நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் முறை) ரிமோட்டும் தேவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் அநேகமாகச் செங்குத்தாக இறங்கும், 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. ஆகவே 6-லிருந்து 10 வரை போக கால் மணி நேரம்தான். வடக்கே, தெற்கே போகப்போக அந்தி நீளும். எப்படியிருந்தாலும் சில நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே இருங்கள், எது பொருந்தும் என்று வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: ட்ரைபாடைத் தொடவே இல்லை, ஆனாலும் இரண்டு படங்களும் பொருந்தவில்லை. ஏன்?

மணலிலோ ஈர மண்ணிலோ வைத்தீர்களா? இரண்டு மணி நேரத்தில் கால்கள் மெல்ல இறங்கும். வைக்கும்போதே மூன்று கால்களையும் நன்றாக அழுத்திவிடுங்கள், நடுக்கம்பியை உயர்த்தாதீர்கள். அது இல்லையென்றால் ஃபோகஸ்தான் காரணம். அருகிலிருக்கும் கல்லுக்கு வைத்த ஃபோகஸை நட்சத்திரத்துக்கு மாற்றும்போது பல லென்ஸ்களில் காட்சியே ஒரு துளி பெரிதாகும் அல்லது சிறிதாகும். போட்டோஷாப்பில் ஆட்டோ அலைன் இதைச் சரிக்கட்டும், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே நாலு பக்கமும் சற்று இடம் விட்டு எடுங்கள்.

அந்தியில் சட்டகம் அமைக்கும்போது பால்வீதி கண்ணுக்குத் தெரியாது, அது வரப்போகும் இடத்துக்காக அமைக்க வேண்டும். வானம் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி நகரும். ஸ்டெல்லேரியம், போட்டோபில்ஸ் மாதிரி வானத்தைக் காட்டும் செயலியில் நேரத்தைத் தள்ளிப் பார்த்தால் எந்த மரத்துக்கு மேலே எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துவிடும். அப்புறம் பனி. காத்திருக்கும் நேரத்தில் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் படிந்துவிடும், இருட்டில் அது தெரியவும் தெரியாது. லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாம் சரியாகப் பொருந்தினாலும் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கிறது. எங்கே கோட்டை விடுகிறேன்?

நிலம் வெளிச்சமாக இருக்கிறது, பத்துக்கு ஒன்பது படங்களில் இதுதான். அந்திப் படம் தெளிவாக இருக்கிறதே, அதை எப்படி மறைப்பது என்று மனசு வராது. ஆனால் நிஜ இரவில், தொடுவானத்துக்கு மேலே இருக்கும் வானத்தைவிட அதன் கீழே இருக்கும் நிலம் இருண்டுதான் இருக்கும். நிலத்தில் ஒரு பாறை அந்த வானத்தைவிடப் பளிச்சென்று இருந்தால் கண்ணுக்கு உடனே உறுத்தும், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் உறுத்தும். பாறை இருப்பதே தெரியாத அளவுக்கு நிலத்தை இருட்டாக்குங்கள், பிறகு அதிலிருந்து கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். மேலிருந்து கீழே இறக்கினால் எங்கே நிறுத்துவது என்று கை தடுமாறும்.

அடுத்தது நிறம். வானத்துக்கு வொயிட் பேலன்ஸ் (படத்தின் நிறம் நீலமா மஞ்சளா என்று தீர்மானிக்கும் அமைப்பு) 4000 கெல்வினை ஒட்டி வைத்திருந்தால், அந்தி நிலத்தை அதே எண்ணில் வைத்தால் பொருந்திவிடும் என்று நினைக்காதீர்கள், அந்தியின் நீலம் வேறு. எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்து நகர்த்துங்கள், நிறச் செறிவையும் சற்றுக் குறையுங்கள்.

இன்னொரு இடம் விளிம்பு. குறிப்பாக மரம். அந்திப் படத்தில் இலைகளுக்குப் பின்னால் வானம் பிரகாசமாக இருப்பதால் மெல்லிய கிளைகளை அது தின்றுவிடும், மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மறைத்து மற்றதைக் காட்டும் திரை) போட்டால் கிளையைச் சுற்றி நீல விளிம்பு ஒட்டிக்கொண்டு வரும். எந்த செலக்‌ஷன் கருவியாலும் அதை முழுதாக எடுக்க முடியாது, காற்றில் இலைகள் வேறு இடம் மாறியிருக்கும். என் வழி, அந்த விளிம்பை அந்திப் படத்திலிருந்து எடுக்கவே எடுக்காமல் இருப்பது. இரவுப் படத்தில் மரம் கறுப்பு நிழலுருவமாக ஏற்கெனவே வானத்தோடு சரியாகச் சேர்ந்திருக்கிறது. அதை அடி லேயராக வைத்து, அந்திப் படத்தை மேலே போட்டு, முழுதும் மறைக்கிற கறுப்பு மாஸ்க் கொடுத்து, மென்மையான பிரஷ்ஷால் அடிமரம், புதர், தரை என்று உள்பக்கமாக மட்டும் வெள்ளை பூசி (பூசிய இடத்தில் அந்திப் படம் தெரியும்), நுனிக்கிளைக்கு வெகு முன்பே நிறுத்திவிடுங்கள். நுனிகள் கறுப்பாகவே இருக்கட்டும், இரவில் மரம் அப்படித்தானே தெரியும். மொட்டைப் பாறை, மலைமுகடு மாதிரி சுத்தமான விளிம்பு என்றால் இந்தச் சிரமம் இல்லை.

கேள்வி: முன்னால் ஏரி இருந்தால்?

தண்ணீரை இரவுப் படத்திலிருந்தே எடுங்கள். தண்ணீர் காட்டுவது வானத்தைத்தான். மேலே நட்சத்திரமும் கீழே அந்தி நீலமும் இருந்தால் பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும். கரையும் கல்லும் மட்டும் அந்தியிலிருந்து வரட்டும். பிரதிபலிப்பு ஒருபோதும் வானத்தைவிடப் பிரகாசமாக இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இது ஏமாற்று வேலை இல்லையா?

அதே இடம், அதே இரவு, அதே சட்டகம் என்றால் என்னைப் பொறுத்தவரை இல்லை. படத்தின் கீழே இரண்டு எக்ஸ்போஷர் என்று எழுதிவிடுங்கள். ஒரே எக்ஸ்போஷர்தான் வேண்டும் என்று சொல்லும் போட்டிக்கு அனுப்பாதீர்கள். வேறு ஊர் வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு விஷயம், அதைப் புகைப்படம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: பிப்ரவரி, மார்ச்சில் பால்வீதியின் மையம் விடியலுக்கு முன்தான் எழுகிறது. முந்தின மாலையே நிலத்தை எடுத்துவிட்டு இரவெல்லாம் காவல் இருக்க வேண்டுமா?

வேண்டாம், வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வானம், பிறகு விடியலில் நிலம். பால்வீதி கண் முன்னே இருக்கும்போதே சட்டகம் அமைக்கலாம் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். இருட்டில் சட்டகம் சரியா என்று பார்க்க ஐஎஸ்ஓவை உச்சத்துக்கு ஏற்றி ஒரு சோதனைப் படம் எடுத்தால் போதும். வானத்தை எடுத்து முடித்து, சூரியன் 18 டிகிரியைத் தாண்டி மேலே வரத் தொடங்கியதும் காத்திருங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டி இருந்தால் சுமார் அரை மணி நேரத்தில் 10 டிகிரிக்கு வந்துவிடும், அப்போது நிலத்துக்கு ஃபோகஸை மாற்றி எடுக்கத் தொடங்கலாம். ஒரு சிக்கல், அந்த மாதங்களில் மையம் எழுவது தென்கிழக்கில், சூரியன் வரப்போகும் பக்கத்தில்தான். வெளிச்சம் உங்களுக்கு எதிரே இருந்து வரும், தாமதித்தால் பாறைக்குப் பின்னால் ஆரஞ்சு ஏறி நிலம் நிழலுருவமாகிவிடும். அதனால் 12 டிகிரியிலேயே தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே போய், 8 வந்ததும் மூட்டை கட்டுங்கள்.