பழைய பின்னிரவு டாக் ஷோ டிவிடிகள்: நீங்கள் கேட்டதும் நான் சொல்வதும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய பின்னிரவு டாக் ஷோக்களை, அதாவது ஜாக் பார், ஜானி கார்சன், டிக் கேவெட், டாம் ஸ்னைடர் இவர்களுடைய நிகழ்ச்சிகளை, டிவிடியாக வாங்கிச் சேர்த்து முழுதாக உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். இதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

யூடியூபிலேயே எல்லாம் கிடைக்கிறதே அண்ணா, டிவிடி எதற்கு? அப்படியே வாங்கினாலும் எதில் தொடங்குவது?

யூடியூபில் கிடைப்பதில் பெரும்பகுதி துண்டுகள்தான் தம்பி. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம், சிரிப்பு வரும் இடம், முடிந்தது. இந்த நிகழ்ச்சிகளின் உயிர் அந்தத் துண்டுகளில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் காலத்தில் முதலில் வந்த விருந்தினர் தன் பேச்சு முடிந்ததும் எழுந்து போகமாட்டார், சோபாவில் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துகொள்வார், அடுத்தவர் வருவார், அவரும் தள்ளி உட்காருவார், இப்படி ஒன்றரை மணி நேரத்துக்குள் வாழ்க்கையில் சந்தித்துக்கொள்ளவே வாய்ப்பில்லாத நான்கு பேர் ஒரே வரிசையில் இருப்பார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஷௌட் ஃபேக்டரி நிறுவனம் 2005-ல் வெளியிட்ட 'ராக் ஐகான்ஸ்' என்ற கேவெட் தொகுப்பைச் சொல்கிறேன். அதில் 1970 ஆகஸ்ட் 3 நிகழ்ச்சி இருக்கிறது. ஜானிஸ் ஜாப்ளின் பாடுகிறார். அதே மேடையில் குளோரியா ஸ்வான்ஸன், 1899-ல் பிறந்த ஊமைப் படக் காலத்து நட்சத்திரம். ஜாப்ளினுக்கு அப்போது வயது 27. அக்டோபர் 4-ம் தேதி அவர் இறந்துவிட்டார். ஜாப்ளின் வரும் துண்டை மட்டும் பார்த்தால் ஒரு பாடகி மட்டும்தான் தெரிவார். முழுதாகப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண் தெரிவார். எனக்கு அந்தக் கேட்கும் முகம்தான் பாட்டை விட அதிகம் நினைவில் நிற்கிறது. அதே தொகுப்பில் ஜூன் 25 நிகழ்ச்சியும் உண்டு, தன்னுடைய பள்ளியின் பத்தாவது ஆண்டு சந்திப்புக்கு ஊருக்குப் போகப்போவதாக அதில் சொல்கிறார், பள்ளியில் தன்னை எப்படி நடத்தினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

கார்சன் 30 வருடம் நடத்தினார் என்கிறார்கள். ஆனால் டிவிடியில் 1970-களுக்கு முந்தையது ஏன் அவ்வளவாக இல்லை?

அழித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது இன்றும் மனசு ஆறவில்லை. கார்சன் 1962 அக்டோபர் 1-ல் தொடங்கி 1992 மே 22 வரை 'டுநைட் ஷோ'வை நடத்தினார். முதல் பத்து வருடம் நியூயார்க்கிலிருந்து, 1972 மே மாதத்துக்குப் பிறகு கலிபோர்னியாவின் பர்பேங்க்கிலிருந்து. நியூயார்க் காலத்து நாடாக்களில் மிகப் பெரும்பகுதியை, நிகழ்ச்சியை ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி அழித்து, வேறு நிகழ்ச்சிகளை மறுபடி பதிவுசெய்யப் பயன்படுத்திவிட்டது. அப்போது இருந்தது இரண்டு அங்குல அகல ஒளிநாடா. ஒரு மணி நேரச் சுருள் நூற்றுக்கணக்கான டாலர் விலை, எடையும் அதிகம், வைக்க இடமும் வேண்டும். நேற்றிரவு ஒளிபரப்பான அரட்டையை யார் மறுபடி பார்ப்பார்கள் என்று நினைத்தார்கள். வீட்டு வீடியோ என்ற வியாபாரமே அன்று கிடையாது. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-ல்தான் வந்தது, ஆகவே அதற்கு முன் ரசிகர்கள் வீட்டில் பதிவுசெய்து வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டாம்.

முதல் நாள் நிகழ்ச்சி! நகைச்சுவை நடிகர் க்ரௌச்சோ மார்க்ஸ் வந்து கார்சனை அறிமுகப்படுத்தினார், ஜோன் க்ராஃபர்ட், டோனி பென்னெட், மெல் ப்ரூக்ஸ் எல்லாரும் வந்தார்கள். அதன் படம் போய்விட்டது. தப்பியவை சில துண்டுகளும் தனித்தனி நிகழ்ச்சிகளும்தான். 1965 ஏப்ரலில் நடிகர் எட் ஏம்ஸ் கோடாரி எறிந்து காட்டிய காட்சி, 1969 டிசம்பர் 17-ல் பாடகர் டைனி டிம்மின் திருமணம், இப்படி.

1972-க்குப் பிறகானவை பெரும்பாலும் பத்திரமாக உள்ளன. 1980 ஒப்பந்தத்தில் நிகழ்ச்சியின் உரிமையே கார்சன் கைக்கு வந்தது, அது பெரிய விஷயம். கன்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற ஊரில், தரைக்கு 650 அடி கீழே உள்ள உப்புச் சுரங்கத்தில் நாடாக்களை வைத்திருந்தார்கள். ஈரப்பதம் குறைவு, வெப்பநிலை மாறாது. பிறகு சுமார் 3,500 மணி நேரத்தை டிஜிட்டலாக மாற்றி 2010-ல் அறிவித்தார்கள். டைம் லைஃப் வெளியிட்ட முழு நிகழ்ச்சித் தொகுப்புகள் அந்தச் சேமிப்பிலிருந்து வந்தவை. 'சிறந்த தருணங்கள்' என்று போட்டிருக்கும் தொகுப்பை விட்டுவிட்டு முழு எபிசோட் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

நான் மின்னணுப் பொருள் பழுதுபார்ப்பவன். டிவிடியை கணினியில் போட்டால் ஆள் அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது. டிஸ்க் பழுதா?

டிஸ்க்கில் ஒன்றும் இல்லை. இவை ஒளிநாடாவில் எடுத்தவை, ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள், ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. கணினி இரண்டையும் ஒட்டி ஒரே படமாகக் காட்டும்போது அந்தச் சீப்புப் பல் வருகிறது. விஎல்சி மாதிரி மென்பொருளில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கி, அதில் 'யாடிஃப் 2எக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 60 அசைவுகளையும் காப்பாற்றும். வெறும் 'யாடிஃப்' வைத்தால் 30 ஆகக் குறைந்துவிடும், கோடு போய்விடும், ஆனால் நேரடியாக எதிரே உட்கார்ந்து பார்ப்பது போன்ற அந்த வழுவழுப்பும் சேர்ந்து போய்விடும். இணையத்தில் ஏறியிருக்கும் பல பிரதிகளில் நடந்த கெடுதல் இதுதான்.

படம் மங்கலாகச் சினிமா மாதிரி அசைந்தால் அது கினெஸ்கோப், அதாவது டிவி திரையையே ஃபிலிம் கேமராவால் படமெடுத்து வைத்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, அப்படியாவது இருக்கிறதே என்று பார்க்க வேண்டியதுதான்.

அப்புறம், டிவியை 4:3-ல், அதாவது பழைய டிவியின் அகல-உயர விகிதத்தில் வையுங்கள். இழுத்து அகலமாக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு வைத்து 4கே ஆக்கியிருக்கிறோம் என்று வரும் பிரதிகளையும் நான் பார்ப்பதில்லை, மூலத்தில் இருப்பது 480 வரி, மீதி எல்லாம் இயந்திரம் ஊகித்து வரைந்தது. தோல் மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது.

அமெரிக்க டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடுமா?

டிவிடிகளை எந்த நாட்டில் ஓட்டலாம் என்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அவை மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. பிளேயர் எல்லா மண்டலமும் ஏற்பதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், அதனால் ஒரு பழைய டிரைவை இதற்கென்றே ஒதுக்கி மண்டலம் 1-ல் வைத்துவிடுவது நல்லது. என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க டிவியின் பட முறை, இன்றைய டிவிக்களுக்குப் பிரச்சினையே இல்லை.

கேவெட் ராக் தொகுப்பு போல கார்சனுக்கு ஏன் பாட்டுத் தொகுப்பு அதிகம் இல்லை? பாடகர் வந்து கைகுலுக்குவதோடு காட்சி வெட்டப்பட்டது போல் சில டிஸ்க்குகளில் இருக்கிறது.

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் ஒளிபரப்ப வாங்கிய உரிமை வேறு, டிஸ்க்காக விற்க வாங்க வேண்டிய உரிமை வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் பாட்டின் உரிமையாளர், பாடியவர், சில சமயம் இசைக் கம்பெனி என்று தனித்தனியாகக் கேட்டுப் பணம் கட்ட வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் இரண்டு பாட்டு என்றால் நான்கைந்து கையெழுத்து. யாராவது ஒருவர் மறுத்தால் வெட்டு. அதனால்தான் வெளிவரும் தொகுப்புகள் பெரும்பாலும் நகைச்சுவை நடிகர்களைச் சுற்றியே இருக்கின்றன. இதை நினைத்துப் பார்த்தால் கேவெட் தொகுப்பில் பாட்டுகளோடு முழு நிகழ்ச்சிகள் வந்ததே பெரிய உழைப்பு. வாங்குவதற்கு முன் நிகழ்ச்சியின் நீளத்தைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

இந்தியத் தொடர்பு உள்ளது ஏதாவது?

1971 நவம்பர் 23 கேவெட் நிகழ்ச்சி. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் சிதார் கலைஞர் ரவிசங்கரும் வருகிறார்கள். அந்த ஆகஸ்ட் 1-ம் தேதிதான் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக இருவரும் சேர்ந்து கச்சேரி நடத்தியிருந்தார்கள், அதன் இசைத்தட்டு கம்பெனிகளுக்குள் பேரம் முடியாமல் தாமதமாகிக்கொண்டிருந்தது. அமைதியான மனிதர் என்று பெயர் வாங்கிய ஹாரிசன் திடீரென்று சூடாகி, வேறு கம்பெனியில் வெளியிட்டுவிடுகிறேன், பாஸ்கர் வேண்டுமானால் என்மேல் வழக்குப் போடட்டும் என்று கையை உயர்த்துகிறார். ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்கு யார் இந்த பாஸ்கர் என்று தெரிந்திருக்காது. அவர் கேபிடல் ரெக்கார்ட்ஸின் தலைவர் பாஸ்கர் மேனன், திருவனந்தபுரத்தில் பிறந்தவர். இசைத்தட்டு அந்த டிசம்பரிலேயே வந்துவிட்டது. இதே எபிசோடில் ரவிசங்கர் பேசுவதையும் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

கார்சன் ஆரம்பத்தில் பேசும் ஜோக்குகள் பாதி புரியவில்லை, நான் ஓட்டிவிடுகிறேன். தவறா?

ஓட்டாதீர்கள் என்பேன். அன்றைய செய்தித்தாளை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னவை அவை. வாட்டர்கேட் அரசியல் ஊழல், பெட்ரோல் தட்டுப்பாட்டு வரிசை எல்லாம் அதில் வரும். எபிசோட் தேதியைப் பார்த்து அந்த வாரம் என்ன நடந்தது என்று பத்து நிமிடம் படித்துவிட்டு உட்காருங்கள், பாதிக்கு மேல் திறந்துகொள்ளும். அவருடைய பேச்சுக்கு எவ்வளவு வலு இருந்தது என்பதற்கு 1973 டிசம்பர் 19 போதும். கழிவறைக் காகிதத்துக்கும் தட்டுப்பாடு வரப்போகிறதாம் என்று சொன்னார், மறுநாள் ஜனங்கள் கடைகளில் குவிந்து வாங்கித் தீர்த்து, உண்மையிலேயே தட்டுப்பாடு வந்துவிட்டது. அப்புறம் அவரே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னொன்று, ஜோக் எடுபடாதபோது அவர் முகம். அதில்தான் அவர் மேதை. துண்டு வெட்டுபவர்கள் முதலில் தூக்கி எறிவது அதைத்தான்.

ஜாக் பார் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அவருடைய டுநைட் ஷோ (1957 முதல் 1962 வரை) நாடாக்களும் பெரும்பாலும் போய்விட்டன, டிஸ்க்கில் இருப்பதில் அதிகம் அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் நடத்தியது. அது தெரிந்து வாங்குங்கள்.

டேவிட் லெட்டர்மன் தொகுப்பு எங்கே கிடைக்கும்?

ஒழுங்கான முழுத் தொகுப்பு வரவில்லை. 1982-ல் தொடங்கிய பழைய நிகழ்ச்சியின் உரிமை என்பிசியிடம், 1993-க்குப் பிறகானது அவருடைய சொந்த நிறுவனத்திடம். 2022-லிருந்து அவர் தரப்பே யூடியூபில் போட்டு வருகிறது. என் மனசுக்கு, இவருடைய 1980-கள் முழு எபிசோடாக வர வேண்டும்.

டாம் ஸ்னைடர் யார் சார்? நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள்.

கார்சன் முடிந்த பிறகு இரவு ஒரு மணிக்கு 'டுமாரோ' என்று 1973 முதல் நடத்தியவர். பெரும்பாலும் எதிரே கூட்டம் கிடையாது. இருட்டான ஸ்டூடியோ, இரண்டு நாற்காலி, சிகரெட் புகை, முகத்துக்கு மிக அருகில் கேமரா. சிரிக்க ஆள் இல்லாததால் விருந்தினர் சிரிக்க வைக்க முயல்வதில்லை, பேசுகிறார். 1975 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழுவிலிருந்த ஜான் லெனன் வந்தார், தன்னை அமெரிக்காவிலிருந்து வெளியேற்ற நடக்கும் வழக்கைப் பற்றிப் பேச வழக்கறிஞரையும் கூட்டி வந்தார். 1980 டிசம்பர் 8-ல் லெனன் சுடப்பட்டார், மறுநாள் இரவு ஸ்னைடர் அந்தப் பேட்டியைத் திரும்பப் போட்டார். டிஸ்க்கில் அது கிடைக்கிறது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, தனியாகப் பாருங்கள்.

பழைய டிஸ்க் வாங்குவதில் என்ன கவனிக்க வேண்டும்?

உள்ளே எத்தனை டிஸ்க் என்று எண்ணிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பெட்டியில் மூன்றாவது டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதே மறுபடி இருந்தது, அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வந்ததும் எல்லாவற்றையும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், பழுது எந்த எபிசோடிலும் இருக்கலாம். ஓடுகிறது என்றால் அன்றே ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

அம்மாவுக்கு வயது 70, ஆங்கிலம் நன்றாகத் தெரியும், பழைய ஹாலிவுட் படங்கள் பிடிக்கும். அவரோடு சேர்ந்து பார்க்க ஒன்று சொல்லுங்கள்.

கேவெட்டின் 'ஹாலிவுட் கிரேட்ஸ்' தொகுப்பில் கேதரின் ஹெப்பர்ன், 1973. டிவி பேட்டிக்கே வராத அவர், ஒத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய ஸ்டூடியோவைச் சும்மா பார்க்க வந்தார். வந்தவர் தரைவிரிப்பின் நிறம் சரியில்லை என்றார், மேஜையைக் குறை சொன்னார், அப்புறம் இப்போதே எடுத்துவிடலாமே என்று உட்கார்ந்துவிட்டார். பார்வையாளர்கள் கிடையாது, இருந்தவர்கள் வேலையாட்கள் மட்டும். கேமரா முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிட்டதால் அந்தக் குறை சொல்லல் எல்லாம் பதிவாகியிருக்கிறது. இரண்டு நாளாகப் பிரித்து ஒளிபரப்பினார்கள், நீங்களும் இரண்டு ராத்திரியாகப் பாருங்கள், அம்மா நடுவில் பழைய கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள்.