புனலூர் வீட்டுக்குள் புகும் கறுப்பு வண்டுகள்

ஏப்ரலில் பெய்த முதல் மழைக்குப் பின் ஆயிரக்கணக்கில் கறுப்பு வண்டுகள் ஓட்டுக்கடியில் அடைகின்றன, தோட்டத்தில் பறவைகள் குறைந்ததுதான் காரணமா, மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், ஐயா.

தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்கிறீர்கள். அப்படியானால் அது முப்ளி வண்டு. உதிர்ந்த ரப்பர் இலையைத் தின்று பெருகி, கோடை மழை விழுந்ததும் விளக்கொளியைத் தேடி வந்து, மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கடிக்காது. நசுக்கினால் கசியும் நீர் தோலைப் புண்ணாக்கும். அந்த நீருக்கு அஞ்சிப் பெரும்பாலான பறவைகளும் தொடுவதில்லை. ஆகவே பழி பறவைகள் மேல் இல்லை. தகைவிலானும் ஆறுமணிக் குருவியும் குளிர்கால விருந்தாளிகள், இந்த மாதங்களில் வடக்கே திரும்பிவிடும். தென்மலையில் எங்கள் முற்றமும் இப்போது வெறிச்சென்றுதான் இருக்கிறது.

மழை பெய்த மாலைகளில் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். வண்டுகளைக் கையால் தொடாமல் துடைப்பத்தால் கூட்டிச் சோப்பு நீரில் போடுங்கள். அடுத்த ஆண்டு கோடை மழைக்கு முன்பே வீட்டருகே கிடக்கும் சருகை அள்ளிவிடுங்கள். மருந்து தெளித்தால் மற்ற பூச்சிகளும் நஞ்சாகும். அவற்றைக் கொத்தும் தவிட்டுக்குருவிக்கும் செம்போத்துக்கும் அது கேடாகலாம்.