இரண்டாம் உலகப் போரையும் இரகசியச் சங்கத்தையும் வைத்துப் பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு நடத்துவது எப்படி?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள், கதை உங்கள் கடலுக்கு அடியிலேயே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 காலை, திருகோணமலையிலிருந்து விலகி வந்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள், அறுநூறு பேரளவில் வீட்டா என்ற மருத்துவக் கப்பல் காப்பாற்றியது. விமானந்தாங்கிதான், ஆனால் அன்று அதில் ஒரு போர் விமானமும் இல்லை!

இந்தத் திகதி, எண்ணிக்கை, முடிவு எதையும் மாற்றாதீர்கள். கப்பல் மூழ்கத்தான் போகிறது, அதை விளையாடுபவர்களால் தடுக்க முடியாது. அவர்கள் தேட வேண்டியது கரையில் யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பதை. அங்கேதான் உங்கள் கற்பனைச் சங்கம் நுழைகிறது: நாலைந்து பேர், வெளிச்சவீட்டு விளக்கு, கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் இரவில் மட்டும் சந்திப்பு. சங்கம் சின்னதாக இருந்தால்தான் பயமாக இருக்கும்.

நிசச் சங்கம்தான் வேண்டும் என்றால் 1918இல் மியூனிக்கில் தொடங்கிய, மாந்திரீக நம்பிக்கையும் இனவெறியும் கலந்த தூலே சங்கம் இருக்கிறது, ஆனால் நாசிகளின் கொலைகளை மந்திரத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள், செய்தது மனிதர்கள்தான்.

அப்புறம், நம்முடைய உள்நாட்டுப் போர். அதைக் கதையில் தொடலாமா என்று மேசையில் இருப்பவர்களிடம் முதலே தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் 1942இலேயே நின்றுவிடுங்கள்.