பவளத்தீவுக்குப் போகிறீர்களா? அக்காவிடம் கேளுங்கள்

கடலில் முக்குளிப்பதையும் தீவு தீவாகச் சுற்றுவதையும் விடாத ஆள் நான். தொலைதூரப் பவளத்தீவுகளைப் பற்றி இங்கே சிங்கப்பூரில் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஜூன் பள்ளி விடுமுறையில் மாலத்தீவு போகலாமா அக்கா? மழைக்காலம் என்று பயமுறுத்துகிறார்கள். (ஈசூன்)

மழை உண்டுதான். அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், ஸ்பீட் போட்டில் குடல் குலுங்கும். ஆனால் அந்தப் பருவத்தில்தான் பா அட்டோலில் (வளையமான பவளத்தீவுக் கூட்டம்) உள்ள ஹனிஃபாரு குடாவில் மிதவை உயிர்கள் வந்து குவியும். அவற்றைத் தின்ன மந்தா திருக்கைகள் கூட்டமாக வரும். அங்கே சிலிண்டர் கட்டி முக்குளிக்கத் தடை, மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நோர்கலிங் மட்டும்தான். அதனால் நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் பார்க்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: சீபிளேன் பகலில் மட்டுமே பறக்கும். பொழுது சாய்ந்து போய் இறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ தங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

அம்மாவும் வருகிறார், சுத்த சைவம். தினமும் கும்பிடும் சின்ன முருகன் சிலையை எடுத்துப்போகலாமா? (தெம்பனிஸ்)

வேண்டாம். வழிபாட்டுச் சிலைகள் மாலத்தீவுச் சுங்கத்துறையின் தடைப்பட்டியலில் இருக்கின்றன, மதுவும் அப்படித்தான். முருகன் வீட்டிலேயே இருக்கட்டும். சாப்பாடுதான் பெரிய பாடு. காலையில் தரும் மாஸ் ஹுனியிலேயே தேங்காய்ப்பூவோடு சூரை மீன் கலந்திருக்கும். "மீன் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மாசிக் கருவாட்டுத்தூளும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள்.

மாலத்தீவுக்கு எல்லாரும்தான் போகிறார்கள். கூட்டமில்லாத இடம் சொல்லுங்கள். (ஜூரோங்)

கொக்கோஸ் கீலிங் தீவுகள், தம்பி. என்னைக் கேட்டால் சிங்கப்பூர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய பவளத்தீவே அதுதான். 1955 நவம்பர் வரை அது சிங்கப்பூர் நிர்வாகத்தின் கீழ் இருந்தது, அப்புறம்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 1,700 கி.மீ. தான். ஆனால் நாம் பெர்த் வரை இறங்கி, மறுபடி வடமேற்கே 2,900 கி.மீ. பறக்க வேண்டும். டிக்கெட் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். விமானமும் வாரத்தில் சில நாள்தான். தவறவிட்டால் அடுத்தது வரும்வரை தேங்காய் எண்ண வேண்டியதுதான்.

மக்கள்தொகை சுமார் 600. பெரும்பாலோர் ஹோம் தீவில் வாழும் கொக்கோஸ் மலாய் முஸ்லிம்கள். அரைகுறை மலாய் பேசினாலும் முகம் மலர்ந்துவிடும். அங்கே தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள். விமானம் இறங்குவது வெஸ்ட் தீவில், இரண்டுக்கும் இடையே படகு உண்டு. கோல்ஃப் திடலின் நடுவே விமான ஓடுபாதை போகிற வேடிக்கையையும் அங்கே பார்க்கலாம்.

1836இல் டார்வின் வந்துபோனது இந்தக் கொக்கோஸுக்குத்தான். எரிமலைத் தீவு மெல்ல அமிழ, சுற்றியுள்ள பவளம் மேல்நோக்கி வளர்ந்து வளையமாகிறது என்ற தம் கருத்தை இந்தத் தீவுகளை வைத்துத்தான் உரசிப் பார்த்தார். 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், அதே ஆண்டு நவம்பரில் சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் அடிவாங்கித் தரைதட்டியதும் இங்கேயுள்ள வட கீலிங்கில்தான்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

டியாகோ கார்சியா? (உட்லண்ட்ஸ்)

இந்தியப் பெருங்கடலில் உள்ள ராணுவத் தளம் அது. சுற்றுலாப் பயணிக்கு அனுமதி இல்லை.

எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். லகூனில் என்ன ஆபத்து வந்துவிடப்போகிறது? (பொங்கோல்)

நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். லகூன் என்பது பவள வளையத்துக்குள் அடங்கிய கடல்நீர், அந்த வளையத்தில் ஆங்காங்கே திறப்புகள் இருக்கும். நீர் வற்றும்போது லகூன் தண்ணீர் அந்த வாசல்கள் வழியே வெளிக்கடலுக்குப் பாயும். யாராலும் எதிர்நீச்சல் போட முடியாது, குறுக்காக நீந்தித்தான் விலக வேண்டும். இறங்குமுன் படகோட்டியிடம் ஏற்றமா வற்றமா என்று கேளுங்கள். இறங்கியதும் மீன்களைப் பாருங்கள். குட்டி மீன்கள் எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து, நின்ற இடத்திலேயே வாலாட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் அந்தப் பக்கமிருந்து ஓடி வருகிறது. வால்கள் படபடவென்று அடித்தால் உடனே கரையேறுங்கள்.

அங்கே பிடிக்கிற மீனைச் சுட்டுச் சாப்பிடலாமா? (அங் மோ கியோ)

சூரை என்றால் தாராளமாக. பாறையை ஒட்டி வாழும் பெரிய சீலா, களவா, விலாங்கு என்றால் உள்ளூர்க்காரர் சாப்பிடச் சொன்னால் மட்டுமே. பாறைப் பாசியில் உருவாகும் சிகுவாடெரா நஞ்சு சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிச் சேர்ந்திருக்கும். வாடை வராது, ருசி மாறாது, வேகவைத்தாலும் உறையவைத்தாலும் போகாது. வந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே சுடுவதுபோல் இருக்கும்.

கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டு, சிப்பி எடுத்து வரலாமா? (பிடோக்)

பவளத்தைத் தொடாதீர்கள். கல்பவளங்கள் எல்லாம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. அனுமதிச்சீட்டு இல்லாமல் சாங்கியில் கொண்டுவந்து இறக்கினால் சிக்கல்தான். சிப்பியில் வேறொரு வம்பு இருக்கிறது. கூம்பு வடிவில் பளபளவென்று கோலம் போட்டதுபோல் இருக்கும் வகை உயிரோடு இருந்தால் கொட்டும். அதில் சில வகைகளின் விஷம் ஆளையே கொன்றுவிடும். பிள்ளைகளிடம் இதை விமானம் ஏறுமுன்பே சொல்லிவையுங்கள்.