கிளிட்டர் தூவிய தீபாவளி பிஸ்கட்: பேத்தி சாப்பிட்டுவிட்டாள், பயப்பட வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் அருகே தோட்டப்புறத்தில் வசிக்கிறேன். இணையக் காணொளி ஒன்றைப் பார்த்துத் தீபாவளிக்கு வெண்ணெய் பிஸ்கட் சுட்டு, தட்டுக்கு ஒரு சிட்டிகை வீதம் தங்க நிறக் கிளிட்டர் தூளைத் தூவினேன். அழகாக வந்ததால் அக்கம்பக்கத்தாருக்கும் மூன்று போத்தல் கொடுத்தேன். ஐந்து வயதுப் பேத்தி நாலைந்து பிஸ்கட் சாப்பிட்டாள். இரண்டு நாளாகியும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தூள் போத்தலின் அடியில் ‘அலங்காரத்திற்கு மட்டும்’ என்று மலாய் மொழியில் எழுதியிருப்பதை என் மருமகன் நேற்றுதான் காட்டினார். கடைக்காரரைக் கேட்டால், ‘நச்சற்றது என்று முன்னால் போட்டிருக்கிறதே, கேக் செய்பவர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்’ என்கிறார். பயப்பட வேண்டுமா? இருபது போத்தலுக்கு ஆர்டரும் வந்திருக்கிறது. அதற்கு லைசன்ஸ் எடுத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: அம்மா, முதலில் பேத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளாகியும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ இல்லை என்பதால், இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை இல்லை. கிளிட்டர் என்ற பெயரில் கைவினைக்கு விற்கப்படுவதில் பெரும்பகுதி, அலுமினியப் பூச்சு ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை அறுகோணத் துணுக்குகளாக நறுக்கியதுதான். அது சிட்டிகை அளவில் உள்ளே போனால், பெரும்பாலும் செரிக்காமல் மலத்தோடு வெளியேறிவிடும். ஆனால் உங்கள் போத்தலில் இருப்பது அந்தப் பிளாஸ்டிக்தான் என்று உறுதி கூற உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, விற்றவராலும் முடியாது. ஏனென்றால் அதன் மேல் பொருள் பட்டியலே இல்லை. ஆகவே போத்தலைக் குப்பையில் போடாமல் கையோடு எடுத்துச் சென்று, அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டி, குழந்தை எத்தனை பிஸ்கட் சாப்பிட்டாள், எந்த நாளில் சாப்பிட்டாள் என்பதைச் சொல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை அவர் கலந்துகொள்ள முடியும். உலோகத் தூளாக இருக்கலாம் என்று சந்தேகித்தால் இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்கச் சொல்வார். ஈயம் உடனே வாந்தி எடுக்க வைக்காமல் மெல்லச் சேர்ந்து குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது என்பதால், ‘நன்றாகத்தானே விளையாடுகிறாள்’ என்று இருந்துவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டைக்குள் விரல் விடுவது போன்ற வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம்.

அடுத்த வேலை, கொடுத்த மூன்று போத்தல்களையும் திரும்ப வாங்குவது. பண்டிகை நேரத்தில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது சங்கடம்தான். ஆனாலும் இன்றே போய்க் கேளுங்கள். மேலே உள்ளதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். தூள் வெண்ணெயில் ஒட்டி பிஸ்கட்டுக்குள் இறங்கியிருக்கும்.

இனி அந்த ‘நச்சற்றது’ என்ற வாசகம். கைவினைப் பொருளின் மேல் அது இருந்தால், தொட்டால், பூசினால், தற்செயலாகச் சிறிது வாயில் பட்டால் கடும் தீங்கு வராது என்பதற்கு மேல் அதை நம்பக் கூடாது. பசை, வண்ணப் பென்சில், களிமண் ஆகியவற்றின் மேலும் இதே வாசகம் இருக்கிறது. அவற்றை யாரும் மாவில் பிசைவதில்லை. சாப்பிடுவதற்காகவே செய்த மினுக்குத் தூளில் சீனி, கருவேலம் பிசின், சோள மாவு, அனுமதிக்கப்பட்ட உணவு நிறம் போன்றவை இருக்கும். அவற்றின் பெயர்கள் போத்தலின் மேல் வரிசையாக அச்சிடப்பட்டும் இருக்கும். அந்தப் பட்டியல் இல்லாத தூளை, முன்பக்கத்தில் எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும், உணவுக்குப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

‘கேக் செய்பவர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள்’ என்ற பேச்சுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். 2018-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் கேக் சாப்பிட்ட, 1 வயது முதல் 11 வயது வரையிலான ஆறு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டார்கள். கேக்கின் மேல் கனமாகப் பூசியிருந்த ரோஜா–தங்க நிறத் தூளை ஆராய்ந்தபோது, அது ஏறத்தாழ முழுவதும் செம்புத் தூளாக இருந்தது. அந்தக் கேக்கைச் செய்தது தொழில் தெரிந்த ஒரு பேக்கரி. மறு ஆண்டு மிசூரி மாநிலத்தில், ஒரு வயதுக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்குக் காரணம் தேடிப் போனவர்கள், பிறந்தநாள் கேக்கில் தூவிய மஞ்சள் தூளின் எடையில் 25 விழுக்காடு ஈயம் இருந்ததைக் கண்டார்கள். பலர் வாங்குகிறார்கள் என்பது ஒரு பொருளைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை.

இந்த வியாபாரத்தில் எனக்கு மிகுந்த ஆத்திரமூட்டுவது, மொத்தமாகப் பைகளில் வாங்கி, சிறு போத்தல்களில் பிரித்து நிரப்பி, தம் கடைப்பெயரை ஒட்டி விற்கும் இடைத்தரகர்கள்தான். ரெசின் சாவிக்கொத்துக்கும் நகப்பூச்சுக்கும் மெழுகுவர்த்திக்கும் என்று வரும் அதே தூள், போத்தல் மாறிய மாத்திரத்தில் கேக் சாமான் தட்டுக்கு ஏறிவிடுகிறது. மூலப் பையின் மேல் இருந்த எச்சரிக்கை, நாடு, தயாரிப்பாளர் பெயர் எல்லாம் அந்தப் பையோடு குப்பைக்குப் போய்விடுகின்றன. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் இரண்டு மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்கும் தூள்களைப் பாருங்கள். மூடியின் மேல் நிறத்தின் பெயர் மட்டுமே இருக்கும். இணையக் கடைகளிலோ, பக்கத்தின் மேலே கேக்கின் படமும், கீழே படிக்க முடியாத எழுத்தில் ‘உண்ணத் தகாதது’ என்ற வரியும் சேர்ந்தே இருக்கின்றன. 1985-ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகள், பொட்டலமிட்ட உணவின் மேல் அதன் பெயர், பொருள்கள், எடை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. அலங்காரப் பொருள் என்று எழுதிவிட்டால் அது உணவே இல்லை என்று தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் இவர்களுடைய கணக்கு. சோதனை என்று வந்தாலும் பெரிய பட்டணத்துப் பேரங்காடியோடு நின்றுவிடுகிறது. தோட்டத்து மக்கள் சம்பள நாளில் சாமான் வாங்கும் கடைவரிசைக்கு யார் வருகிறார்கள்? கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஒரு வரியை அடியில் போட்டுவிட்டு, படிக்காதது வாங்கியவரின் தவறு என்று பேசுவதை எந்த அரசாங்கமும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ரசீதையும் போத்தலின் படத்தையும் கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகாராகக் கொடுங்கள். கொடுத்தால் மட்டுமே ஏட்டில் ஏறும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு சோதனையும் உண்டு. வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அதில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுக் கலக்கி, சற்று நேரம் விடுங்கள். சீனியும் பிசினும் கரைந்து நீரின் நிறம் மட்டும் மாறும். பிளாஸ்டிக் துணுக்கு கரையாமல் மின்னிக்கொண்டே இருக்கும். உலோகத் தூள் அடியில் மண்போலப் படியும். கரையாமல் எது நின்றாலும் அந்தத் தூளை உணவில் சேர்க்காதீர்கள். கரைந்துவிட்டது என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். பொருள் பட்டியலும் இருந்தாக வேண்டும்.

உண்ணத் தகாத அலங்காரத்தை உணவோடு வைக்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு; அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு எல்லை மீறுகிறார்கள். அலங்காரம் தனிப் பொருளாக இருந்து, உணவில் ஒட்டாமல், சாப்பிடுவதற்கு முன் முழுதாக எடுத்துவிடக் கூடியதாக இருந்தால் வைக்கலாம். எடுத்துக்காட்டாக, கிளிட்டர் ஒட்டிய அட்டைக் குத்துவிளக்கு ஒன்றைப் பல்குச்சியின் உச்சியில் ஒட்டிக் கேக்கில் குத்தலாம். ஆனால் கேக்கைத் தொடுவது வெறும் குச்சியாக மட்டுமே இருக்க வேண்டும். அட்டை கேக்கின் மேல் படியக் கூடாது. விரலால் அட்டையைத் தேய்த்தால் துணுக்கு உதிரக் கூடாது. உதிர்ந்தால் அந்த அட்டையே வேண்டாம். கேக்கைக் குழந்தையின் கையில் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் அதை எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள் என்று விடக் கூடாது. பிஸ்கட், நெய் உருண்டை, ஒரே வாயில் போடும் கேக் ஆகியவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது. ஏனெனில் அவற்றின் மேல் வைத்தது எதுவும் நேராக வாய்க்குத்தான் போகும். மேலே தூவிவிட்டு ‘வேண்டாதவர்கள் துடைத்துக்கொள்ளலாம்’ என்பதும் இந்த விலக்கில் அடங்காது.

பளபளப்பு வேண்டுமென்றால் அதற்குக் கற்கண்டு போதும். கற்கண்டை உரலில் நன்றாகப் பொடிக்காமல் கொரகொரப்பாக இடித்து, சல்லடையில் மாவுபோன்ற தூளை நீக்கிவிடுங்கள்; மீதியிருக்கும் துணுக்குகளின் ஒவ்வொரு முகமும் வெளிச்சத்தில் மின்னும். அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அனுமதிக்கப்பட்ட உணவு நிறம் இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கசக்கி, தட்டில் பரப்பிக் காற்றாட உலர விடுங்கள். நிறம் அதிகமாகிவிட்டால் துணுக்குகள் கரைந்து கட்டிதட்டிவிடும். ஆகவே சொட்டுச் சொட்டாகவே விடுங்கள். பிஸ்கட்டை அடுப்பில் வைக்கும் முன் மேலே பால் தடவி இதைத் தூவினால் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். சீனி உருகச் சுமார் 186 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பதால், பிஸ்கட் வேகும் 160, 170 பாகையில் இதன் மினுக்கு குலைவதில்லை. தீபாவளி நம் பக்கத்தில் மழை பிடிக்கும் நேரம் என்பதால், சூடு முழுவதும் ஆறிய பிறகே போத்தலில் அடையுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் உள்ளே நீர் கோத்து, சீனி பிசுபிசுத்து, பிஸ்கட்டும் நமுத்துவிடும்.

பிள்ளைகளோடு அரிசிக்குச் சாயம் ஏற்றிக் கோலம் போடும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. துணிச் சாயம், சுவரொட்டி வர்ணம் இவற்றால் நிறமேற்றிய அரிசிக்குச் சமையல் கிண்ணத்தையும் கரண்டியையும் பயன்படுத்தாதீர்கள். அடர்ந்த இளஞ்சிவப்புக்குச் சிலர் சேர்க்கும் ரோடமின் பி என்ற சாயம் உணவில் அனுமதிக்கப்படாத ஒன்று. கோலம் கலைந்த பிறகு அந்த அரிசியைக் கோழிக்கும் போட வேண்டாம்.

ஆர்டர் விஷயத்தில், முன்பணம் கேட்பவருக்கு ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். பண்டிகைக்குப் பண்டிகை தோட்டப்புறங்களில் இப்படி ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். நீங்களே செய்துகொள்ளக்கூடிய பதிவை ஏதோ பெரிய ரகசியம்போல் பேசி, நூறு, இருநூறு என்று வாங்கிக்கொண்டு, பிறகு கைப்பேசியை எடுப்பதில்லை. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி, அத்துடன் ஒரு சிறு தகவல் கட்டணம். உணவு கையாளுபவர்களுக்கான பயிற்சியைச் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சிப் பள்ளியில் எடுத்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இவை 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் கேட்பவை. ஊசி போடாமலே அட்டை மட்டும் தருகிறேன் என்று சொல்பவரும் இருக்கிறார். அந்த அட்டையால் உங்கள் உடம்புக்கும் பாதுகாப்பு இல்லை, பலகாரம் வாங்குபவருக்கும் இல்லை. வீட்டுச் சமையலறைக்கு வேறு என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கோலகங்சார் நகராண்மைக் கழக முகப்பிடத்தில் நேரில் கேளுங்கள். நான்கு முகப்பிடம் அலைய வைக்காமல் இவற்றை ஒரே பாரத்தில், தமிழ் விளக்கத்தோடு கொடுத்திருந்தால் தரகருக்கு வேலையே இருந்திருக்காது. அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கும் சலித்துவிட்டது.

இருபது போத்தலையும் கற்கண்டு தூவியே செய்யுங்கள். ஆர்டர் கொடுத்தவர்களிடம் தங்கத் தூள் இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிட்டு, ஒவ்வொரு போத்தலிலும் மாவு, வெண்ணெய், பால், சீனி, நிறத்தின் பெயர், செய்த தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். நிலக்கடலையோ முந்திரியோ சேர்த்திருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.